மொய் நோட்டின் மறுமுனை

பத்திர எழுத்தரிடம் உதவியாளராக இருந்த காலத்தில், வம்சாவளி எழுத உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது தாத்தாவுக்கு எத்தனை தாரம் என்பதைத்தான். சென்னை மாகாணத்தில் 1949-இல் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் வரும்வரை, இந்து ஆண் ஒருவர் எத்தனை மணம் செய்துகொண்டாலும் அத்தனையும் செல்லும் என்பதால், அந்தக் கேள்வியைத் தவிர்க்க வழியில்லை. கேட்டால் பலருக்குக் கோபம் வரும். கும்பகோணம் பக்கத்திலிருந்து மூன்று மா (ஏறக்குறைய ஓர் ஏக்கர்) நன்செய்யை விற்க வந்த பெரியவருக்கும் வந்தது. “எங்க தாத்தாவுக்கு ஒரே சம்சாரம், அது எங்க அப்பாயிதான், தம்பி” என்றார்.

1975-க்கு முந்தைய வில்லங்கத்தைக் கையால் தேட மனுப் போட்டோம். 1936 மார்ச்சில் பதிவான ஒரு ஜீவனாம்சப் பத்திரம் அகப்பட்டது. விற்க நினைத்த அதே மூன்று மாவைத் தாத்தா தம் ‘மூத்த தார’மாகிய ஓர் அம்மாளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்: ஆயுள் பரியந்தம் அனுபவிக்கலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியமில்லை. பெரியவர் அந்தப் பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். வீட்டில் யாரும் அதை உச்சரித்து அவர் கேட்டதேயில்லை.

மறுவாரம் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு மொய் நோட்டைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் ‘பிரபவ ௵ ஆவணி ௴’, அதாவது பிரபவ வருடம் ஆவணி மாதம், என்றிருந்தது; அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம் என்பதால், தாத்தாவின் வயதைக் கணக்கிட்டு 1927 என்று கொண்டோம். பாதியோடு எழுத்து நின்றுவிட்டது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பினால், பின்னட்டையிலிருந்து இன்னொரு கல்யாணத்து மொய் தொடங்கியது: ‘யுவ ௵ தை ௴’, அதாவது 1936-இன் தொடக்கம். முன்பு எட்டணா எழுதியவர்களே மறுபடியும் எட்டணா எழுதியிருந்தார்கள். பெண் வீட்டாரின் ஊர் மட்டும் வேறு. பந்தல் பிரித்த சில வாரங்களில் ஜீவனாம்சப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. பிள்ளையில்லாக் குறைதான் காரணம் என்பது என் ஊகம். பத்திரம் காரணம் எதையும் சொல்லவில்லை.

ஆனால் விற்பனைக்குச் சிக்கல் அந்த அம்மாள் எப்போது இறந்தார் என்பதில் இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் அமலுக்கு வந்த 1956 ஜூன் 17 அன்று அவர் உயிரோடு நிலத்தை வைத்திருந்தால், ஜீவனாம்சத்துக்காகக் கிடைத்த ஆயுள் பாத்தியம் 14-ஆம் பிரிவின்படி முழு உரிமையாகிவிடும். 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பழைய இறப்புப் பதிவேட்டில் அவர் பெயர் 1961-இல் கிடைத்தது. பிரிந்து இருபத்தைந்து ஆண்டு கழிந்த பிறகும், கணவர் பெயர் என்ற கட்டத்தில் தாத்தாவின் பெயரே இருந்தது.

மகள்களுக்கும் பங்கு தந்த 1956 சட்டத்துக்கு முன்பே, 1953-இல் தாத்தா காலமானதால் மகன் வழிக்கு மட்டுமே நிலம் என்று எண்ணியிருந்தார்கள். அம்மாளுக்குச் சந்ததி இல்லாததால், 1961 நிலவரப்படி கணவரின் வாரிசுகளுக்கு அது போகிறது. ஆகவே அத்தைமார் இருவரின் பிள்ளைகளையும் கையெழுத்துக்கு அழைக்க வேண்டியதாயிற்று.

வம்சாவளியில் மூத்த தாரத்தின் பெயருக்குக் கீழே ‘சந்ததி இல்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “இவங்க எனக்கு என்ன முறை ஆகணும், தம்பி?” என்றார்.

“பெரிய அப்பாயிங்க, ஐயா” என்றேன்.