சேர்ந்து வாழ ஒரு மனு

ஜூன் 9, 2025, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்ததும் கைக்கு வந்த முதல் கட்டு, ஒரு சேர்ந்து வாழ்தல் மனு. கணவர் போட்டது. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 9: தகுந்த காரணம் இல்லாமல் மனைவி பிரிந்து போய்விட்டாள், திரும்ப வந்து குடும்பம் நடத்த உத்தரவிட வேண்டும். நான் மனைவிக்கு வக்காலத்து. (ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.) பிரிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளும் ஒரு போன் கிடையாது. ஜீவனாம்சம் கேட்டு நோட்டீஸ் அனுப்பிய அடுத்த மாதமே மனிதருக்குப் பாசம் பொங்கிவிட்டது.

"அவங்க ஜெயிச்சா என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடலாமா மேடம்?" என்று கேட்டாள். அதெல்லாம் முடியாது. டிக்ரியை, அதாவது கோர்ட் தீர்ப்பாணையை, மதிக்காவிட்டால் சொத்தை ஜப்தி செய்யலாமே தவிர, ஆளைக் கொண்டுபோய் வீட்டில் விட முடியாது. இதில் வேடிக்கை, டிக்ரி ஆகி ஒரு வருடம் சேர்ந்து வாழவில்லை என்றால் அதையே காரணம் காட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்து கேட்கலாம், பிரிவு 13(1ஏ). வாழக் கூப்பிடும் மனுவே பிரிவதற்கும் வழி போட்டுத் தருகிறது. பாதிப் பேர் இதைப் போடுவதே அதற்குத்தான், மீதிப் பேர் ஜீவனாம்சத்தைத் தட்டிக்கழிக்க.

1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் பிரிவு 9 அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்றது. அடுத்த வருடமே சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், இல்லை, பிரிவு செல்லும் என்றுவிட்டது. எனக்கு ஆந்திரத் தீர்ப்புதான் பிடிக்கும். என் பிடித்தம் கோர்ட்டில் செல்லாது.

ஜூன் 17, செவ்வாய்

எதிர்வுரை தாக்கல் செய்தாயிற்று. கூடவே பிரிவு 24இல் இடைக்கால ஜீவனாம்ச மனு. நோட்டீஸ் எதிர்த் தரப்புக்குக் கிடைத்த 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இருக்கட்டும்.

ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு (2020) வந்தபிறகு இரண்டு தரப்பும் வரவு செலவு, சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். அவருடைய பத்திரத்தைப் படித்தேன். கார் கடன் தவணையே சம்பளத்தில் முக்கால்வாசி. மீதியில் வாடகை கட்டி, அம்மாவுக்கு மருந்து வாங்கி, சாப்பிடவும் செய்கிறாராம். குறுக்கு விசாரணைக்கு இது போதும் என்று பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.

நீதிபதி வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பிவிட்டார். சேர்த்து வைக்க முயன்று பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை என்று பிரிவு 23(2) சொல்கிறது, 1984ஆம் வருடத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டமும் சொல்கிறது.

ஜூலை 4, வெள்ளி

முதல் அமர்வு. இரண்டு பக்கமும் தாய்மாமன்கள் வந்திருந்தார்கள். மத்தியஸ்தர் அவர்களை வெளியே உட்காரச் சொன்னதுதான் இன்று நடந்த பெரிய காரியம். நானும் வெளியேதான். மாமாக்கள் வராந்தாவில் நின்று பழைய பஞ்சாயத்தைத் தொடர்ந்தார்கள்: கல்யாணத்தில் யாருக்கு வேட்டி சட்டை எடுத்துத் தரவில்லை என்பது வரைக்கும் போனது.

உள்ளே மத்தியஸ்தர் அவளிடம் தனியாக, அவரிடம் தனியாக, அப்புறம் சேர்த்து வைத்து என்று பேசியிருக்கிறார். "அனுசரிச்சுப் போம்மா" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம். இப்படி ஒரு மத்தியஸ்தர் கிடைப்பது அபூர்வம். கவுன்சிலிங் என்ற பெயரில் பெண்ணுக்குப் புத்தி சொல்லியே அனுப்பிய அமர்வுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் பயந்துபோய் ஒப்புக்கொண்டு போவார்கள், அடுத்த ஆடிக்குள் மகளிர் காவல் நிலையத்தில் நிற்பார்கள்.

ஜூலை 23, புதன்

இன்று வக்கீல்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். நகைப் பேச்சு. அவள் சீர் நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். நாற்பது பக்க ரூல் போட்ட நோட்டு, மேலே மஞ்சள் தடவிய கறை, தாத்தா கையெழுத்தில் ஆரம் 5 பவுன், நெக்லஸ் 3, வளையல் 6 என்று வரிசையாக. சீதனம் அவள் சொத்து, அதில் சட்டச் சிக்கல் ஒன்றுமில்லை. பொருள் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. அவர் பேனாவை எடுத்துத் தங்கள் வீட்டில் இருப்பதற்கெல்லாம் டிக் அடித்துக்கொண்டே வந்தார். ஆரத்தில் நின்றுவிட்டார். அவள் மாமனார் ஆபரேஷனுக்கு அடகு வைத்தது அது.

"மூழ்கிப் போச்சா?" என்று நேராக அவரிடமே கேட்டாள். வழக்கு வந்த பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

"மூழ்கல. நான்தான் வட்டி கட்டிட்டு இருக்கேன்."

அடகுச் சீட்டை பர்ஸிலிருந்தே எடுத்துக் காட்டினார். நான் கோடு போட்டு வைத்த அந்தப் பிரமாணப் பத்திரத்தில் இந்த வட்டிக் கணக்கு ஒரு வரிகூட இல்லை.

இனி சேர்ந்துவிடுவார்கள் என்று எதிர்த் தரப்பு வக்கீல் சார் என் காதில் சொன்னார். நானும் கொஞ்சம் நினைத்தேன். வெளியே வந்து அவள் சொன்னது: "கெட்டவர்னு நான் எப்பவும் சொல்லலையே மேடம். அந்த வீட்ல என்னால இருக்க முடியாது, அவ்வளவுதான்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வேறொரு ஜோடி சேர்ந்தது. தனிக்குடித்தனம், மாதச் செலவு அவள் கணக்கில், இரண்டே நிபந்தனைதான். மனுவை வெறுமனே வாபஸ் வாங்காமல், நிபந்தனைகளைச் சமரச ஒப்பந்தமாக எழுதிப் பதிவு செய்யச் சொன்னேன். மன்னித்து ஏற்றுக்கொண்ட கொடுமை மீண்டும் தலைதூக்கினால் பழையதும் சேர்ந்து உயிர்பெறும் என்பது தாஸ்தானே வழக்கு (1975) காலத்திலிருந்தே சட்டம். பெண்ணின் அம்மாவுக்கு இதை இப்போதே பேசுவது அபசகுனமாகப் பட்டது. பேசித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

சீர் நோட்டுப் பெண்ணின் வழக்கில் பிரிவு 9 மனு வாபஸ். அதற்குப் பதில் 13பி, பரஸ்பர சம்மத விவாகரத்து மனு தாக்கல். 1976 திருத்தத்தில் வந்த பிரிவு. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால் போதும், ஆனால் மனு போட்டு ஆறு மாதம் பொறுக்க வேண்டும், 18 மாதத்துக்குள் மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும். அமர்தீப் சிங் தீர்ப்பின்படி (2017) அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம், இவர்களுக்கு அந்தத் தகுதியும் இருக்கிறது. எதிர்த் தரப்பு வக்கீல் அவசரப்பட்டார்.

அவள் வேண்டாம் என்றுவிட்டாள். "ஆரத்தை மீட்க அவருக்கும் டைம் வேணும்ல மேடம்." எனக்கும் அதுதான் சௌகரியம். டிக்ரி ஆகும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991இலேயே சுரேஷ்டா தேவி வழக்கில் சொல்லியாயிற்று. அதனால் அவளுக்குப் பேசி முடித்த பணத்தில் பாதி இன்று, மீதி இரண்டாம் விசாரணை அன்று டிடியாக, ஆரத்தோடு. இப்படி எழுதினால் இரண்டு தரப்பும் ஒழுங்காக வந்து சேரும்.

குழந்தை அம்மாவிடம், ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம். பணத்துக்கு ஆன நேரத்தைவிடத் தீபாவளிக்குத்தான் அதிக நேரம் ஆனது. கடைசியில் இந்த வருடம் அம்மா வீடு, அடுத்த வருடம் அப்பா வீடு, பட்டாசு மட்டும் இரண்டு வருடமும் அப்பா செலவு. அதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்துவிட்டேன். வாய்தா மார்ச் முதல் வாரம்.