குழலின் மேலே விற்றவர் பெயர், அடியில் செய்தவர் பெயர்

பழைய மாதிரியைப் பார்த்து 1950-களுக்குப் பிறகு புதிதாகச் செய்த, குழல் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் சுரிகுழல் (உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய) துப்பாக்கிகளைப் பற்றிய பதிவு இது. அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "இது யார் செய்தது?" என்று கேட்பார். இங்கே பாலக்காட்டுச் சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துத் தோப்புக்காரர் வீட்டு லைசென்ஸ் துப்பாக்கியைக் காட்டி அதையே கேட்பார். இருவரும் முதலில் வாசித்துக் காட்டுவது குழலின் மேல்முகத்தில் வெட்டியிருக்கும் பெயரைத்தான். அதை நம்பித் தேடினால் பாதி வழியிலேயே நின்றுவிடுவோம்.

நேவி ஆர்ம்ஸ், டிக்ஸி கன் ஒர்க்ஸ், சி.வி.ஏ. என்ற அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாம் முக்கியமாக வரவழைத்து விற்றவர்கள். டிக்ஸியின் டென்னஸி மவுண்டன் ரைஃபிளைச் செய்தது ஜப்பானின் மிரோக்கு. லைமன் பெயரில் வந்த கிரேட் பிளெய்ன்ஸ் ரைஃபிள் இத்தாலியின் இன்வெஸ்ட்ஆர்ம் செய்தது. சி.வி.ஏ.வின் பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ஸ்பெயினில் செய்தவை. லைசென்ஸ் புத்தகத்தில் ஏறியிருப்பதும் பல நேரம் கடைக்காரர் பெயராகவே இருக்கும்.

செய்தவரின் அடையாளம் மரக்கட்டைக்குள் மறைந்திருக்கும் அடிமுகத்தில், பின்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கும். அதற்குக் குழலைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். கெட்டிக்கும் கம்பியை அடிவரை விட்டு, குழல் வாயில் நகத்தால் அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். கம்பி நுனி, நிப்பிள் (வெடிமூடியை மாட்டும் சிறு முளை) இருக்கும் இடத்துக்குக் கிட்டே வர வேண்டும். மூன்று நான்கு சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன் கெட்டித்த மருந்தும் வெடிக்கும். அதோடு நிறுத்திவிட்டு லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோய்விடுங்கள்.

ஹாக்கன் (கனத்த குழல் கொண்ட பழைய அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி) வகையில் வேலை எளிது. குறுக்கே செருகிய ஆப்பை மரக்குச்சியால் தட்டி எடுத்து, குதிரையை (அடிக்கும் சுத்தியலை) பாதி ஏற்றி வைத்தால், குழல் வாய்ப்பக்கம் மேலே தூக்க வந்துவிடும். என்ஃபீல்டு (பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி) வகையில் குழலைக் கட்டையோடு பிடிக்கும் பட்டைகள் மூன்றையும் (குட்டையானதில் இரண்டு) தளர்த்திக் கழற்றி, பின்முனைத் திருகை எடுத்து, துப்பாக்கியைக் கவிழ்த்துப் பிடித்துக் குழலைக் கையில் விழ விட வேண்டும். வாயைப் பிடித்து இழுத்தால் பூட்டு (சுடும் பொறி) பொருந்தும் இடத்தில் கட்டை பிளக்கும். மெல்லிய ஊசிகளால் கோத்த ஃபிளிண்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லால் சுடும் வகை) கட்டைகளை வீட்டில் தொடாதீர்கள்.

அடிமுகத்தில் துரு இருந்தால் எமரித்தாள் வேண்டவே வேண்டாம். முத்திரைகள் ஆழமில்லாதவை, நாலு தேய்ப்பில் போய்விடும். மண்ணெண்ணெய் தோய்த்த பஞ்சால் துடைத்து, வெள்ளைச் சாக்பீஸைத் தடவி மேற்பரப்பை மட்டும் துடைத்தால், பள்ளத்தில் தங்கிய வெள்ளை எழுத்தைக் காட்டும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் படமெடுங்கள்.

முதலில் தேட வேண்டியது நாட்டின் பரிசோதனை முத்திரை, அதாவது குழல் வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்து அடிக்கும் குறி. இத்தாலியின் கார்தோனே வால் திராம்பியாவில் சோதித்த குழலில் நட்சத்திரமும், அதன் கீழ் 'பி.என்.' எழுத்துகளும் இருக்கும். கருமருந்துக்குச் சோதித்தது என்று பொருள். அருகில் சிறு கட்டத்துக்குள் ஆண்டுக் குறி. ரோமன் எண்ணாக இருந்தால் 1944-ஐக் கூட்டினால் ஆண்டு கிடைக்கும்: 20 என்றால் 1964, 30 என்றால் 1974. 1971 முதல் 1973 வரை ரோமன் இருபதோடு சாதாரண 7, 8, 9 ஒட்டி வருவதும் உண்டு. 1975-இல் 'ஏ.ஏ.' என்று எழுத்து முறை தொடங்குகிறது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் விரல்விட்டு எண்ணினால் 'ஏ.எல்.' 1986 ஆகும். உண்மையில் அது 1983. நடுவில் ஜி, ஜே, கே எழுத்துகளை விட்டுவிட்டார்கள். 'ஏ.இசட்.' 1990, 'பி.ஏ.' 1991.

ஆண்டு தெரிந்த பிறகு தொழிற்சாலைக் குறி. 'ஏ.எஸ்.எம்.' என்றால் ஆர்மி சான் மார்க்கோ. 'ஏ.எஸ்.பி.' என்றால் ஆர்மி சான் பாவ்லோ, பின்னாளில் யூரோஆர்ம்ஸ். சாய்சதுரத்துக்குள் 'எஃப்.ஏ.பி.' என்றால் பியெத்தா. பார்க்கர்-ஹேல் என்ஃபீல்டு வைத்திருப்பவர்கள் இந்தப் பரிசோதனை முத்திரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பர்மிங்காம் முத்திரை இருந்தால் இங்கிலாந்தில் செய்த பழைய வரிசை. அதே பெயரோடு கார்தோனே முத்திரை இருந்தால் பின்னாளில் இத்தாலியில் செய்தது. விலையும் மதிப்பும் இரண்டுக்கும் வேறு.

முத்திரையே இல்லாவிட்டால்? அமெரிக்காவில் அரசு பரிசோதனைக்கூடம் கிடையாது. டக்ளஸ், கிரீன் மவுண்டன் போன்றவர்களின் குழலில் பெயர் மட்டும் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. நம் நாட்டில் செய்து காட்சிப் பொருளாக, காதுத்துளை (நெருப்பு மருந்துக்குப் போகும் துளை) போடாமல் வெளிநாட்டுக்கு அனுப்பும் மஸ்கட்டுகளிலும் முத்திரை இருக்காது. சோதனை முத்திரை இல்லாத குழலைச் சுவரில் மாட்டுங்கள். காட்டுப்பன்றி விரட்ட எடுத்துப்போகாதீர்கள்.

பெயர் தேய்ந்துபோன குழலுக்கு அளவுதான் சாட்சி. இறுக்கமான துணி சுற்றிய, பிடி சுழலும் கம்பியை உள்ளே தள்ளி, கால் சுற்றுக்கு எத்தனை அங்குலம் போகிறது என்று குறித்து, நான்கால் பெருக்கி முழுச் சுற்றின் கணக்கை எடுங்கள். 48 அங்குலம் என்றால் அமெரிக்காவின் தாம்சன் சென்டர் செய்த ஹாக்கனாக இருக்கலாம், வேறு பலவும் இருக்கலாம். 60 என்றால் கிரேட் பிளெய்ன்ஸ். என்ஃபீல்டில் மூன்று வரிப்பள்ளமும் 78 அங்குலமும் நீளத் துப்பாக்கிக்கு, ஐந்து பள்ளமும் 48-உம் குட்டைக்கு. எண்கோணக் குழலின் எதிரெதிர் முகங்களுக்கு இடையே 23.8 மில்லிமீட்டர், அதாவது 15/16 அங்குலம் வந்தால் எதையும் முடிவு செய்ய வேண்டாம். அமெரிக்கச் சந்தைக்காக எல்லா நாட்டுக்காரரும் அந்த அளவில் செய்தார்கள்.

நிப்பிள் மரை நன்றாகப் பேசும். தாம்சன் சென்டரிலும் லைமனிலும் கால் அங்குலம், அங்குலத்துக்கு 28 மரை. சி.வி.ஏ.வின் பெரும்பாலானவற்றில் 6 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 6 மில்லிமீட்டர் நிப்பிளைக் கால் அங்குலத் துளையில் போட்டால் தளர்வாக நிற்கும். சுடும்போது அது சுடுபவர் முகத்தை நோக்கிப் பறக்கும். ஆகவே அளவெடுக்க மரை அளவுகோல் வையுங்கள், வேறு நிப்பிளைத் திருகிப் பார்க்காதீர்கள்.

பின்முனை அடைப்பைக் கழற்றுவது லைசென்ஸ் உள்ள மெக்கானிக்கின் வேலை. துரு எடுக்கிறேன் என்று வரிசை எண்ணைத் தேய்த்துவிட வேண்டாம். அடையாள எண் இல்லாத துப்பாக்கி 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் சிக்கும். கண்டுபிடித்த பெயர் லைசென்ஸில் உள்ளதோடு ஒத்துவராவிட்டால், படங்களை இணைத்துக் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்துத் திருத்தம் கேளுங்கள்.