அம்மாவின் இமையில் புற்றுக்கட்டி திரும்ப வந்திருக்கிறது

"அதான் ஆபரேஷன் பண்ணி முழுசா எடுத்தாச்சே, அப்புறம் எப்படி?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மேலை நாடுகளில் இமையில் வரும் புற்றுநோயில் பெரும்பங்கு பேஸல் செல் கார்சினோமா. வெயில் முக்கியக் காரணம், கீழ் இமையில்தான் அதிகம், மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம். அம்மாவுக்கு வந்தது அதுவல்ல, செபேஷியஸ் கார்சினோமா. அங்கே அரிதான இந்த வகை நம் நாட்டில் கணிசமாக வருகிறது. கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க எண்ணெய் சுரக்கும் மைபோமியன் சுரப்பிகள் இமைக்குள் இருக்கின்றன, மேல் இமையில் கொஞ்சம் அதிகம், பெரும்பாலும் அவற்றில்தான் இது தொடங்குகிறது. வலி பெரிதாக இருக்காது. பார்த்தால் சாதாரண கண்கட்டிதான். வீட்டில் நாமக்கட்டி உரைத்துப் போட்டார்கள், சொட்டு மருந்து விட்டார்கள், ஒரு கிளினிக்கில் கீறிச் சுரண்டியும் எடுத்தார்கள். சுரண்டியதைப் பயாப்ஸிக்கு அனுப்பவே இல்லை. வயதானவருக்கு அதே இடத்தில் கட்டி மறுபடி வருகிறது, அங்கே மட்டும் இமை முடி கொட்டியிருக்கிறது, இதைப் பார்த்தும் ஒருவருக்குச் சந்தேகம் வரவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. வேறொரு டாக்டர்தான் கண்டுபிடித்தார்.

சரி, எடுத்த பிறகும் ஏன் வந்தது? இது ஒரே உருண்டையாக நிற்பதில்லை. கட்டியைத் தாண்டி இமையின் உள்பக்கச் சவ்வில் மெல்லியதாகப் படரும், சில சமயம் நடுவில் நல்ல திசுவை விட்டுவிட்டுத் தள்ளி இன்னோர் இடத்திலும் இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. வெட்டிய துண்டின் ஓரத்தில் புற்று செல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் அதற்கு அப்பால் மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. முதுகில் வந்திருந்தால் சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து வெட்டிவிடலாம். இமையில் அது முடியாது, கண் சரியாக மூடாமல் போனால் கருவிழி காய்ந்து பார்வைக்கே ஆபத்து.

ஆபரேஷன் நடக்கும்போதே ஓரங்களை உறையவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிரெடெரிக் மோஸ் என்ற சர்ஜன் 1930களில் தொடங்கிய, அடுக்கடுக்காக எடுத்துப் பார்க்கும் முறையும் இருக்கிறது. பேஸல் செல்லுக்கு இவை நன்றாகவே கைகொடுக்கின்றன. விட்டுவிட்டுப் படரும் இந்த வகையில் மட்டும் முழு உத்தரவாதம் இல்லை.

இந்தத் தடவை சவ்வில் பல இடங்களில் துளித்துளியாகக் கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள். காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள், ஸ்கேனும் எடுத்தாயிற்று. படர்ந்தது மேலோட்டமாக இருந்தால் உறையவைக்கும் சிகிச்சையோ புற்று செல்லை அழிக்கும் மைட்டோமைசின் சொட்டு மருந்தோ தரலாமாம். கண்குழிக்குள் இறங்கியிருந்தால் கண்ணையே எடுக்க வேண்டிவரும், அம்மாவிடம் அதையும் சொல்லிவிட்டோம்.

வேறு யார் வீட்டிலாவது இமையில் ஆபரேஷன் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாதீர்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஓரங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று டாக்டரிடமே கேளுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் பழைய பயாப்ஸி ஸ்லைடுகளையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், புது டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.