எஜமான் நல்லவர்தான், ஆனால்...

அமெரிக்க அடிமைமுறை பற்றி எங்கே தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் முதலில் கைகாட்டுவது 1936-38இல் அரசே ஆள் அனுப்பி எடுத்த பேட்டிகளை. பெருமந்தம் எனப்படும் 1930களின் பொருளாதாரச் சரிவுக் காலத்தில் வேலையில்லாத எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வந்த திட்டம் அது. ஒருகாலத்தில் அடிமைகளாக இருந்த முதியவர்கள் சொன்னவை, 2,300க்கு மேல் சேர்ந்தன.

கொஞ்சம் உஷாராக வாசிக்கணும். கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். சிலர் பழைய எஜமானர் குடும்பத்துக்காரர்களேகூட. வந்தவர் சர்க்கார் ஆள், பென்ஷன் கிடைக்கும் என்று நம்பிப் பேசிய கிழவர்களும் உண்டு. அப்புறம் எங்கே மனசுவிட்டுப் பேசுவது? எஜமானைப் புகழ்ந்து ஆரம்பிக்கும் பேட்டியில் நாலு பத்தி தள்ளிச் சவுக்கு வரும். எனக்கு அந்த இடைவெளிதான் வரலாறு.

இந்தப் பேட்டிகள் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலக (Library of Congress) இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.