நீட்டிய கைகள்

எட்டாம் வகுப்பில் வீட்டுக்கணக்குச் செய்யாத நாட்களில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நிற்க வேண்டும். என் பக்கத்தில் தவறாமல் ஒருவன் நிற்பான். இன்று அவர் மூளைக் கட்டிகளில் சிறப்புப் பயிற்சி பெற்ற நரம்பியல் மருத்துவர். 'அவர்' எல்லாம் மேடைக்குத்தான். எனக்கு அவன் அவன்தான்.

"இன்றைக்கு எத்தனை ஆபரேஷன், மச்சான்?" என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிட்டேன். கத்தி பிடிப்பது நரம்பியல் அறுவை மருத்துவரின் வேலையாம். வலிப்பு, பேச்சுத் தடுமாற்றம், மாத்திரை, அதன் பின்விளைவு, அடுத்த ஸ்கேன் வரையிலான பயம், இவைதான் இவன் பங்கு. மருத்துவப் பட்டம், பொது மருத்துவம், நரம்பியல், அதற்கும் மேலே மூளைப் புற்றுநோய் என்று அவன் படித்து முடித்தபோது எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

தன் துறையின் பழங்கதை ஒன்றை அவன் அடிக்கடி சொல்வான். 1884, லண்டன். எக்ஸ் கதிரே கண்டுபிடிக்கப்படாத காலம். கைகால் பலவீனத்தையும் வலிப்பையும் மட்டும் கவனித்து, கட்டி இன்ன இடத்தில்தான் என்றார் பென்னட் என்ற மருத்துவர். காட்லி என்ற அறுவை மருத்துவர் அந்த இடத்தைத் திறந்தார், கட்டி இருந்தது. நோயாளியோ சுமார் ஒரு மாதத்தில் தொற்றால் இறந்துபோனார். இந்தப் பின்பாதியை அவன் ஒருபோதும் விழுங்கியதில்லை.

கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சையோடு டெமோசோலமைடு மாத்திரையும் கொடுத்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. இடைநிலை ஆயுள், அதாவது நோயாளிகளில் பாதிப்பேர் உயிரோடிருக்கும் காலம், 12.1 மாதத்திலிருந்து 14.6 ஆனது. "இரண்டரை மாதந்தானா?" என்றேன். கோபம் வந்துவிட்டது அவனுக்கு. இரண்டு ஆண்டுகளைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபத்தாறாக உயர்ந்ததை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டான். கணக்கில் என்னோடு சேர்ந்து தண்டனை வாங்கியவன்!

கடந்த ஒன்றுகூடலில், சில நாட்களாகத் தலைவலி என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மண்டபத்து மூலைக்கு இழுத்துப்போனான்.

"கையை நீட்டு. உள்ளங்கை மேலே. கண்ணை மூடு."

மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டிருந்தால் எதிர்ப்பக்கக் கை மெல்ல உள்நோக்கித் திரும்பிக் கீழே இறங்குமாம். பத்து விநாடி நின்றிருப்பேன். இரண்டு கைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. கண்ணை, நடையைப் பார்த்தான்; ஏதேதோ கேட்டான். "முதலில் மூக்குக்கண்ணாடியை மாற்று. அப்போதும் வலித்தால் உன் மருத்துவரிடம் போ" என்றான்.

மறுபடி ஒருமுறை நீட்டச் சொன்னபோது எங்களைக் கடந்துபோன மூத்த மாணவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"என்னடா, இன்னும் வீட்டுக்கணக்குச் செய்யவில்லையா?"