ஒரு சட்டைப் பொத்தானும் 40 மங்கல் படங்களும்

ஒரு பொத்தானின் மேடுபள்ளத்தைப் படங்களை வைத்தே அளக்கும் முயற்சி இது. மேலிருந்து செங்குத்தாகப் பார்க்கும் கேமரா, கீழே நாலு ஓட்டைப் பொத்தான். ஒரு படத்துக்கு 0.1 மி.மீ. வீதம் கேமராவை இறக்கிக்கொண்டே 40 படம் எடுத்தேன். ஃபோகஸைத் தொடவே இல்லை. முதல் படங்களில் விளிம்பு மட்டும் தெளிவு, அப்புறம் நடுக்குழி, கடைசியில் மேசை. ஒரு பிக்சல் எந்தப் படத்தில் மிகக் கூர்மையாக இருக்கிறதோ, அந்தப் படத்தின் எண்தான் அதன் உயரம். கேட்கச் சுலபம்.

கூர்மையை அளக்க லாப்லாசியன் போட்டேன்; ஒரு பிக்சலின் வெளிச்சம் பக்கத்துப் பிக்சல்களிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறுக்கிலும் நெடுக்கிலும் பார்த்துக் கூட்டும் கணக்கு அது. குறுக்குவாட்டில் வரும் எண்ணும் நெடுக்குவாட்டில் வரும் எண்ணும் சில இடங்களில் எதிர்க்குறியோடு வந்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இரண்டையும் தனித்தனியாக நேர் எண்ணாக்கிக் கூட்டு என்று ஆய்வாளர்கள் நாயரும் நாககாவாவும் 1994 கட்டுரையில் சொன்ன வழிக்கு மாறினேன்.

அப்படியும் உயரப்படம் முழுக்கப் புள்ளி மயம். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் 7, 31, 12 என்று உளறின. ஓட்டையில் மாட்டியிருந்த நூல் மட்டும் புரி புரியாக அழகாக வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: வழவழப்பான பிளாஸ்டிக்கில் மங்குவதற்கே ஒன்றும் இல்லை! சாக்பீஸைத் தேய்த்து, அந்தத் தூளை மெல்லிய பிரஷ்ஷால் தூவி மறுபடி 40 படம். பொத்தான் பொத்தானாக வந்தது.

கேமரா நெருங்க நெருங்க உருவம் பெரிதாகி, விளிம்புப் பிக்சல்கள் இடம் மாறிவிடுகின்றன. எல்லாப் படங்களையும் முதல் படத்தின் அளவுக்குச் சுருக்கியதும் அது சரியானது. படிக்கட்டு மாதிரி தெரிந்த சரிவுக்கு வேறு வைத்தியம்: கூர்மையின் உச்ச மதிப்போடு முன்பின் படங்களின் மதிப்பு இரண்டையும் சேர்த்து ஒரு காஸ் வளைவு (மணி வடிவக் கோடு) பொருத்தினால், உண்மையான உச்சம் இரண்டு படங்களுக்கு நடுவில் எங்கே என்று கிடைத்துவிடும். குழியின் ஆழம் 1.14 மி.மீ. என்று வந்தது, காலிப்பரில் 1.2. எனக்கு இது போதும்.

ஓட்டைகள்தான் இன்னும் சிறுத்துத் தெரிகின்றன. ஒவ்வொரு பிக்சலுக்கும் அதைச் சுற்றியுள்ள 9×9 பிக்சல் கட்டத்தின் கூர்மையைக் கூட்டினால் ஓரம் கரைகிறது, 5×5 என்றால் புள்ளி திரும்பி வருகிறது. இப்போதைக்கு 7×7.

விளிம்பில் தூள் உதிர்ந்த ஓர் இடம் பள்ளமாகக் காட்டுகிறது. அங்கே பளபளப்பது விளக்கின் பிம்பம். குவிந்த பரப்பில் பிம்பம் பரப்புக்குக் கீழேதான் அமையும், நிரலும் அந்த ஆழத்தை ஒழுங்காகவே அளந்திருக்கிறது. அடுத்த தடவை விளக்கின்முன் டிரேசிங் பேப்பர் ஒட்டிப் பார்க்க வேண்டும்.