ஆம்ஸ்டர்டாமில் நினைவைக் கோத்த சொற்கள்

ஆம்ஸ்டர்டாமில் நான் தங்கிய வீட்டின் கழிவறையில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் ஆண்டும் இல்லை, கிழமையும் இல்லை. தேதிகளுக்கு எதிரே கையால் எழுதிய பெயர்கள் மட்டும் இருந்தன. வீட்டுக்கார அம்மையார் அதை ‘ஃபெர்யார்டாக்ஸ்கலெண்டர்’, அதாவது பிறந்தநாள் நாட்காட்டி, என்றார். வீட்டில் யாவர் கண்ணிலும் தினமும் படும் இடம் அதுவே என்பதால் பல டச்சு வீடுகளில் அங்கேதான் மாட்டுவார்களாம்.

அவரிடம் நான் கற்ற சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஏஸல்ஸ்ப்ருகெத்ய’. ‘ஏஸல்’ கழுதை, ‘ப்ருகெத்ய’ சிறு பாலம். இடையில் வரும் ‘ஸ்’, நம் புளியங்காயில் ‘அம்’ வருவதுபோல, ஒரு சாரியை. தண்ணீரில் இறங்க மறுக்கும் கழுதைக்குப் போட்ட பாலம், மனப்பாட உதவிக்குப் பெயராகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் பாலம் ‘த் கொஃப்ஸ்ஹிப்’ என்ற பழைய சரக்குக் கப்பல் வகையின் பெயர்: வினையடி அதிலுள்ள மெய்யொலியில் முடிந்தால் இறந்தகால விகுதி ‘தெ’, இல்லையேல் ‘டெ’.

மே 4 அன்று, ‘நாமன்மோனுமென்ட்’ என்னும் பெயர்களின் நினைவுச்சின்னத்துக்குச் சென்றேன். டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்து 2021-இல் திறக்கப்பட்ட அச்செங்கல் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்டுக் கல்லறை இல்லாமற்போன 1,02,000-க்கும் மேற்பட்ட யூதர்களின் பெயர்களும், ஐரோப்பாவின் ரோமானி இனக்குழுக்களான சிந்தி, ரோமா மக்களின் பெயர்களும் உள்ளன. ஆளுக்கு ஒரு செங்கல்; அதில் பெயர், பிறந்த தேதி, இறந்தபோது வயது. எண்ணிக்கையைப் படித்து அறிந்திருந்த எனக்கு, ஒற்றை இலக்க வயதுகளைத் தேடாமலே கண்டுகொண்டே நடந்தது தாங்க முடியாததாக இருந்தது. ‘நாமன்’ என்பது ‘பெயர்’ அன்று, ‘பெயர்கள்’. தொகைச்சொல்லுக்குள்ளும் அந்தப் பன்மையை விடாமல் வைத்திருப்பது சரியென்றே பட்டது.

அன்று மாலை டாம் சதுக்கத்தில் ‘டோடன்ஹெர்டெங்கிங்’ நடந்தது. ‘டோடன்’ இறந்தோர், ‘ஹெர்’ மீண்டும், ‘டெங்கிங்’ நினைத்தல். போரில் மாண்டவர்களை ஆண்டுதோறும் மீண்டும் நினைப்பதற்கு இதைவிடத் துல்லியமான சொல்லை நான் அறியேன். எக்காளம் ஓய்ந்ததும், இரவு எட்டு மணிக்கு, கூட்டம் முழுவதும் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றது. என் முன்னால் தந்தையின் தோளில் அமர்ந்திருந்த சிறுமி, தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டிருந்தாள்.